கோத்தகிரியில் ஒரு வீட்டின் விதிகள்

மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றைக் கடந்த பின்னர் நீலகிரிக்கு ஏறும் மார்க்கம் இரண்டாகப் பிரிகிறது. கல்லாறு, பர்லியாறு வழியாகக் குன்னூரை அடைவது ஒன்று. குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரியை அடைவது மற்றொன்று. உதகமண்டலத்தை நாடிச் செல்லும் ஜனங்களில் பெரும்பாலோர் முன்னதையே தேர்ந்துகொள்வதால், பின்னதில் பிரயாணம் செய்கிறவனுக்கு மலையை நிதானமாகப் பார்க்கும் பாக்கியம் கிட்டுகிறது. சுமார் 33 கிலோமீட்டர் தூரமுள்ள அந்தச் சாலையில், பாக்குத் தோப்புகள் நிறைந்த வெப்பமான அடிவாரத்தை விட்டுப் புறப்பட்டு, சில்வர் ஓக் மரங்களின் இடையே தேயிலைச் செடிகள் வரிசை வரிசையாக இறங்கும் குளிர்ந்த சரிவுகளுக்கு ஒன்றரை மணி நேரத்தில் வந்து சேர்ந்துவிடலாம். பங்குனி மாதக் கடைசியில், கோடைக் கூட்டம் மலையேறத் தொடங்குவதற்குச் சற்று முன்னதாக, அரசுப் பேருந்தில் நான் அந்த வழியே போனேன்.

குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியில் பேருந்து நின்றது. எங்களுக்கு முன்னால் வரிசையாக நின்ற கார்களில் ஊழியர்கள் இ-பாஸைச் சரிபார்த்துக்கொண்டும், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களைக் கேட்டு வாங்கி ஒரு தொட்டியில் போட்டுக்கொண்டும் இருந்தார்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனங்களில் வருகிறவர்கள் இ-பாஸ் பெற வேண்டும் என்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவினால் 2024 மே 7ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. 2025ஆம் ஆண்டுக் கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்களும் வார இறுதி நாட்களில் 8,000 வாகனங்களும் மட்டுமே என்று வரம்பும் கட்டப்பட்டது. அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு இந்த நிர்ப்பந்தம் இல்லை. ஒரு காரில் வந்த நடுவயதுக்காரர், தாம் விலை கொடுத்து வாங்கிய தண்ணீரை எதற்காகக் கொடுக்க வேண்டும் என்று உரத்த குரலில் வாதாடினார். அவரிடம் பாட்டிலைக் கேட்ட இளம் ஊழியர் கோபப்படவில்லை. "இந்த பாட்டில் கீழே சோலைக்குள்ள போயி ஓடையை அடைச்சுக்குதுங்க. மேல வழி நெடுக வாட்டர் ஏ.டி.எம். இருக்குது, உங்க பாத்திரத்துல பிடிச்சுக்குங்க" என்றார். காரில் இருந்தவர் இரண்டு கணம் யோசித்துவிட்டு, பாட்டில்களில் இருந்த தண்ணீரைக் குழந்தைகளின் எவர்சில்வர் கூஜாவில் ஊற்றிக்கொண்டு, காலி பாட்டில்களை நீட்டினார்.

ஒரு மலை தன்னிடம் வருகிறவர்களுக்கு விதிகளை விதிக்கிறது. அந்த விதிக்கு உரிய காரணத்தையும், விதிக்கு உட்பட்டு நடப்பதற்கு வேண்டிய சௌகரியத்தையும் அதே மூச்சில் சொல்லும்போது, வாதாடியவரும் இணங்கிவிடுகிறார். இந்த எண்ணம் என் மனத்தை விட்டு அகலாமல் இருந்ததற்கு, அன்று இரவே எனக்கு வாய்த்த ஒரு காரியமும் காரணம்.

நான் தங்குவதற்கு ஏற்பாடு செய்திருந்த வீடு, கோத்தகிரியிலிருந்து கோடநாடு செல்லும் சாலையில், ஹட்டி என்று சொல்லப்படும் படுகர் கிராமம் ஒன்றுக்குச் சற்றுக் கீழே, தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் இருந்தது. வீட்டுக்கு உரியவர் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவியார், வீட்டைச் சுற்றியுள்ள சிறு தேயிலை நிலத்தையும், கொல்லையில் விளையும் அவரை, உருளைக்கிழங்கு ஆகியவற்றையும் கவனித்துக்கொள்கிறார். பிள்ளைகள் இருவரும் வெளியூர்களில் உத்தியோகத்தில் அமர்ந்துவிட்டபடியால், மாடியில் இருந்த இரண்டு அறைகளும் ஒரு சின்னஞ்சிறு சமையலறையும் பூட்டியே கிடந்தன. பூட்டிக் கிடக்கும் அறையில் மலைநாட்டு ஈரம் பூசணம் பிடித்துப் பரவுவதைப் பார்க்கச் சகியாமல், விருந்தினருக்கு வாடகைக்கு விடலாம் என்று அவர்கள் தீர்மானித்தார்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தின்படி, உரிமையாளர் தாமே குடியிருக்கும் வீட்டில் ஆறு அறைகள் வரை இவ்வாறு விடலாமாம். இவர்கள் இரண்டோடு திருப்தி அடைந்திருக்கிறார்கள்.

இராப் போஜனத்துக்கு அம்மாள் அவரை உதக்க செய்திருந்தார்கள். காய்ந்த அவரையை ஊறவைத்துத் தோல் நீக்கி, கிழங்கு சேர்த்து, படுகர் வீடுகளில் மட்டுமே அமைகிற ஒரு மசாலைப் பொடியோடு கொதிக்கவைத்த அந்தக் குழம்பு, குளிர் நாட்டு இரவுக்கென்றே ஏற்பட்டது. சாப்பிட்டு முடித்ததும் பெரியவர் ஒரு தாளை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"சீசன் ஆரம்பிக்கறதுக்குள்ள இதை மாத்தி எழுதியே ஆகணும்னு இவங்க சொல்லிட்டே இருக்காங்க. நீங்க பல ஊர்ல தங்கினவங்க. ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க சார்" என்றார்.

அது விருந்தினருக்கான விதிகள் அடங்கிய பட்டியல். யாரோ ஒரு லாட்ஜில் ஒட்டியிருந்ததைப் பார்த்து, உறவுக்காரப் பையன் ஒருவன் தட்டச்சு செய்து கொடுத்ததாம். ஒவ்வொரு வரியும் 'கூடாது' என்றே முடிந்தது. வெளி ஆகாரம் கூடாது, சத்தம் கூடாது, துணி துவைக்கக் கூடாது, பார்வையாளர் கூடாது. இந்த வீட்டில் இல்லாத லிஃப்டைக் குறித்தும் அதில் ஒரு விதி இருந்தது. ஆனால் அந்த வீட்டில் தங்குகிறவன் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய தண்ணீரைப் பற்றியும், கரடியைப் பற்றியும், கரியடுப்பைப் பற்றியும் அதில் ஓர் எழுத்தும் இல்லை. வேறொரு கட்டடத்தின் கவலைகள் இந்தக் கட்டடத்தின் கதவில் ஒட்டப்பட்டிருந்தன.

என் அபிப்பிராயத்தை அவர்களிடம் ஒளிக்காமல் சொன்னேன். விதி என்பது வீட்டிலிருந்து பிறக்க வேண்டும். அந்த வீட்டின் கிணறும் கூரையும் அண்டை அயலும் எவற்றைத் தாங்கும், எவற்றைத் தாங்கமாட்டா என்பதை அங்கே குடியிருக்கிறவர்களைத் தவிர வேறு யாரும் அறியமாட்டார்கள். ஒவ்வொரு விதிக்கும் காரணத்தை வீட்டுக்காரர் விருந்தினரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவேண்டும். சொல்லக் கூசுகிற காரணம் எதுவோ, அந்த விதி பட்டியலில் இருப்பதற்கே தகுதியற்றது. பெரியவர் உடனே பழைய தாளைத் திருப்பிப் போட்டு, அதன் வெற்றுப் பக்கத்தில் எழுதத் தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் பல்லாண்டு கரும்பலகையில் எழுதிப் பழகிய கை. எழுத்து அச்சுப்போல் இருந்தது.

நம் தேசத்தில் வழிப்போக்கரைத் தங்கவைப்பதற்கான விதிகள் முன்காலத்தில் எவ்வாறு இருந்தன என்பதை இங்கே நினைவுகூர்வது பொருத்தமாகும். 1867ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சராய்ச் சட்டம் என்று ஒன்று உண்டு. அதிலே தங்க வருகிறவன் இன்னின்னது செய்யக் கூடாது என்பதைவிட, தங்கவைக்கிறவன் இன்னின்னது செய்தாக வேண்டும் என்பதே பிரதானமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அறைகளையும் தாழ்வாரங்களையும் கிணறுகளையும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். கட்டடத்தைப் பழுது பார்க்க வேண்டும். காவல்காரரை நியமிக்க வேண்டும். கட்டண விவரத்தை எல்லாரும் காணும்படி எழுதிவைக்க வேண்டும். திருடர் ஏறி உள்ளே வருவதற்கு உதவக்கூடிய மரக்கிளைகளைக்கூட வெட்டிவிட வேண்டும் என்று அது விதிக்கிறது. அதற்கும் முற்பட்ட காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் கட்டிய முக்தாம்பாள் சத்திரத்தில், வந்தவர்களுக்கு அன்னம் அளித்ததோடு, நோயுற்ற பிரயாணிகளுக்கு மருந்தும் கொடுத்துவந்தார்கள். ஆனால் பந்தியைச் சாதிவாரியாகப் பிரித்து, சிலரைத் திண்ணையோடு நிறுத்திய சத்திரங்களும் நம் நாட்டில் ஏராளமாக இருந்தன என்பதை மறந்துவிட்டு அந்தக் காலத்தைப் புகழ்வது நியாயமாகாது.

அந்த நினைவு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பழைய பட்டியலின் முதல் விதியே, 'குடும்பத்தினருக்கு மட்டும் அறை' என்பதுதான். அதன் காரணத்தை நான் கேட்டேன். பெரியவர் தயங்கினார். "எல்லா இடத்திலயும் அப்படித்தானே போட்டிருக்காங்க" என்றார். அம்மாள்தான் உண்மையைச் சொன்னார்கள். சென்ற ஆண்டு கல்லூரிப் பையன்கள் நாலு பேர் வந்து விடியும்வரை பாட்டு வைத்து ஆடினார்கள். மேலே ஹட்டியில் இருப்பவர்கள் மறுநாள் வந்து வருத்தப்பட்டுப் போனார்கள். அப்படியானால் அவர்களுடைய துன்பத்துக்குக் காரணம் பாட்டேயன்றிப் பையன்கள் அல்லர். குடும்பத்தோடு வருகிறவர்களும் நள்ளிரவில் ஒலிபெருக்கி வைப்பதுண்டு. தனியாக வருகிற ஒரு பெண் ஒன்பது மணிக்குள் விளக்கை அணைத்துவிட்டு உறங்கிப்போவதும் உண்டு. இன்னார் வரலாம், இன்னார் வரலாகாது என்று ஆளைக் குறித்து எழுதப்படும் விதி, எந்தத் துன்பத்தை விலக்க எழுதப்பட்டதோ அதை விலக்குவதில்லை. குற்றம் செய்யாதவர்களை அவமானப்படுத்துவது ஒன்றையே செய்கிறது. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்ற காரணங்களால் எந்தக் குடிமகனையும் விடுதிகளுக்குள் நுழையவிடாமல் தடுக்கலாகாது என்று நம் அரசியல் சாசனத்தின் 15ஆவது பிரிவு கூறுகிறது. மணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்குவது குற்றமாகாது என்று 2019ஆம் ஆண்டில், கோயம்புத்தூரில் மூடி முத்திரையிடப்பட்ட ஒரு விடுதியைப் பற்றிய வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியும் இருக்கிறது. இவற்றை நான் எடுத்துரைத்தபோது பெரியவர் சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, அந்த முதல் விதியை அடித்தார். அதற்குப் பதிலாக, இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை வெளியே கேட்கும்படி பாட்டு வைக்க வேண்டாம் என்றும், மேலே உள்ள ஊரார் காலையில் தேயிலை பறிக்கப் போகிறவர்கள் என்றும் எழுதினார். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு விதிக்கும் நேரமும் அதுவே.

தண்ணீரைப் பற்றி எழுதத்தான் வெகு நேரம் பிடித்தது. தொட்டபெட்டாச் சிகரம் மேற்கே அரணாக நின்று மறித்துக்கொள்வதால், தென்மேற்குப் பருவமழை கோத்தகிரிப் பக்கத்துக்கு அதிகமாக வந்து சேர்வதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்கு மழையையே இந்தச் சரிவுகள் பெரிதும் நம்பியிருக்கின்றன. அந்த மழையில் ஊறிய ஊற்றுகள் பங்குனி, சித்திரைக்குள் மெலிந்துவிடுகின்றன. விருந்தினர் மிகுதியாக வருவதும் அதே மாதங்களில்தான். கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி நடக்கும் மே மாதத்தில், ஊரிலே ஜனங்கள் பெருக, குழாயிலே நீர் குறைகிறது.

"போன மே மாசம் ஒரே நாள்ல தொட்டி ரெண்டு தடவை காலியாயிருச்சுங்க. லாரித் தண்ணி வாங்கினோம். அந்தத் தண்ணி கீழே ஒரு ஊர் ஊத்துல இருந்து வருதுன்னு தெரிஞ்சப்புறம் எனக்குச் சோறே இறங்கலைங்க" என்றார் அம்மாள்.

மறுநாள் காலையில் பெரியவர் என்னை அழைத்துப்போய் அந்தத் தொட்டியைக் காட்டினார். வீட்டுக்குப் பின்புறம், மேட்டிலே, கறுப்பு நிறத் தொட்டி. ஆயிரம் லிட்டர் பிடிக்கும். ஊற்றிலிருந்து விரல் பருமனுள்ள ஒரு குழாய் அதில் வந்து விழுகிறது; நீர் ஓடுகிறது என்று சொல்ல முடியாது, ஒரு நூலாக இறங்குகிறது. இரவெல்லாம் இறங்கினால் காலையில் முக்கால் தொட்டி நிறைந்திருக்கும். ஷவரின் கீழே பத்து நிமிஷம் நின்று ஸ்நானம் செய்கிறவர் நூறு லிட்டர் அளவு செலவழிக்கிறார். வாளியில் மொண்டு குளிக்கிறவருக்கு இருபது, முப்பது லிட்டர் போதும். அந்த நூலிழையைப் பார்த்த பிறகு யாருக்கும் ஷவரைத் திறக்க மனம் வராது. ஆகவே, 'தண்ணீரை வீணாக்கக் கூடாது' என்ற பழைய வாக்கியத்தை எடுத்துவிட்டு, தொட்டி இவ்வளவு கொள்ளும், ஊற்று இவ்வளவு தரும், ஆகையால் கோடையில் வாளியில் குளிக்கும்படி வேண்டுகிறோம், விருப்பமானால் காலையில் வந்து ஊற்றைப் பாருங்கள் என்று எழுதும்படி யோசனை சொன்னேன். வந்தவரை நம்பி வீட்டின் நிலைமையைத் திறந்து காட்டுவதைப் போல அவரைக் கட்டுப்படுத்துவது வேறொன்றும் இல்லை. கழிவறைக்குப் பின்னால் இருப்பது பாதாளச் சாக்கடையன்று, ஒரு சிறிய செப்டிக் டேங்க்தான் என்பதையும், நாப்கின் முதலியவற்றை உள்ளே போட்டால் அது அடைத்துக்கொள்ளும் என்பதையும், அவற்றைப் போட மூடியுள்ள கூடை அறையிலேயே இருக்கிறது என்பதையும் அதே பத்தியில் சேர்த்துக்கொண்டோம். இவ்விஷயத்தை எழுத வெட்கப்பட்டு விட்டுவிடுகிறவர்கள், பிற்பாடு அதைவிட வெட்கப்படத்தக்க நிலைமையில் விருந்தினர் முன் நிற்க நேர்கிறது.

அன்று பகலில் கன்னேரிமுக்கு வரை போய்வந்தேன். கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் கட்டிய பெத்தகல் பங்களா அங்கே இருக்கிறது. நீலகிரியில் வெளியார் ஒருவர் தமக்கென்று கட்டிக்கொண்ட முதல் வீடு அது என்பார்கள். பழுதுபார்க்கப்பட்டு, இப்போது அவருடைய ஞாபகார்த்தமாக அருங்காட்சிக்கூடமாய் விளங்கும் அந்தக் கட்டடத்தின் தடித்த சுவர்களையும் அடக்கமான அளவையும் பார்த்தபோது, இந்த மலைக்கு வந்த வெளியாரின் சரித்திரம் முழுவதும் இந்தச் சிறிய வாசற்படியிலிருந்துதானே புறப்பட்டது என்று தோன்றியது. மலையின் நிலத்தில் அதன் பூர்வகுடிகளான தோடர்களுக்கு உள்ள உரிமையைக் கும்பினி அரசாங்கத்தாரிடம் எடுத்துரைத்தவரும் சல்லிவன்தான். அவருக்குப் பின் வந்தவர்கள் அந்த உரிமையை எவ்வளவு மதித்தார்கள் என்பதைச் சுற்றிலும் உள்ள தோட்டங்களே சொல்லும். மலைக்கு வருகிறவன் இங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்களை மனத்தில் வைத்து நடக்க வேண்டும் என்பது, ஆகவே, ஒரு வீட்டுக்காரரின் சொந்த ஆசை மட்டும் அன்று.

ஏற்கெனவே குடியிருப்பவர்கள் என்பதில் மனிதரோடு மிருகங்களும் அடங்கும். மாலை ஐந்தரை மணி சுமாருக்கு நான் திரும்பி வந்தபோது, வீட்டுக்கு எதிரே தேயிலைச் செடிகளுக்கு நடுவில் ஒரு காட்டெருமை நின்றுகொண்டிருந்தது. இடுப்பளவுச் செடிகளுக்கு மேலே அதன் கரிய முதுகும், செடிகளின் இடைவெளியில் முழங்கால் வரை வெள்ளைச் சாயம் தோய்த்தாற்போன்ற கால்களும், மேலே வளைந்து நுனி கறுத்த கொம்புகளும் நன்றாகத் தெரிந்தன. ஏறக்குறைய ஒரு டன் எடை வரை வளரக்கூடிய அந்தப் பிராணி, அசையாமல், மூச்சைப் பலமாக விட்டுக்கொண்டு என்னைப் பார்த்தது. பெரியவர் வாசலில் நின்றபடியே, "அப்படியே நில்லுங்க சார். அது போகட்டும், அப்புறம் வாங்க" என்று தணிந்த குரலில் சொன்னார். அது போயிற்று. கைப்பேசியில் படம் எடுப்பதற்காக அதன் அருகே நெருங்கிக் காயம்பட்டவர்களின் கதைகள் இந்தப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படுபவை.

கரடியின் விஷயம் வேறு. அதற்குக் கண்பார்வை மந்தம்; மோப்பசக்தியோ அபாரம். கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் கோவில் விளக்கின் எண்ணெயை நாடியும், சத்துணவுக் கூடத்து மாவையும் சர்க்கரையையும் நாடியும் கரடிகள் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போவது வழக்கமாகிவிட்டது. இரவில் மீந்த பிரியாணிப் பொட்டலத்தை வாசல் திண்ணையில் வைத்துவிட்டுப் படுக்கிற விருந்தினர், தம்மை அறியாமலே அதற்கு ஓர் அழைப்பு விடுத்துவிடுகிறார். அவர் மறுநாள் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார். அந்த வாசலில் ருசி கண்ட கரடியோ அடுத்தடுத்த இரவுகளிலும் வரும். விடியற்காலையில் பால் வாங்கப் போகிற கிழவியோ, பள்ளிக்குப் போகிற பிள்ளையோ அதன் எதிரே அகப்படுவார்கள். 'வெளி ஆகாரம் கூடாது' என்ற பழைய விதி ஜனங்களின் பசிக்கு விரோதமானது. புதிய தாளில், எங்கிருந்து வேண்டுமானாலும் ஆகாரம் வாங்கி வரலாம், மீந்ததை மட்டும் எங்களிடம் கொடுத்துவிடுங்கள், எண்ணெய்ப் பண்டம் எதையும் வெளியே வைக்காதீர்கள், பொழுது சாய்ந்த பின் தேயிலைக்குள் நடக்காதீர்கள் என்று எழுதினோம். கரடியின் காரணம் சொல்லப்பட்டபடியால், குழந்தைகளே பெற்றோரைக் காவல் காத்துக்கொள்வார்கள் என்பது அம்மாளின் நம்பிக்கை.

ஒரே ஒரு விதிக்கு மாத்திரம் 'கூடாது' என்ற சொல்லை நானே வற்புறுத்தினேன். குளிருக்காகவோ, கறி வாட்டுவதற்காகவோ கரியடுப்பை மூட்டி, பிற்பாடு தணல் அணையாமலே அறைக்குள் கொண்டுபோய் வைத்துக் கதவு ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு படுப்பவர்கள் உண்டு. கரி எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தை அது பற்றிக்கொள்ள, உறங்குகிறவர் உறங்கியபடியே போய்விடுகிறார். மலை வாசஸ்தலங்களில் இப்படி உயிர் துறந்தவர்களைப் பற்றிய செய்திகள் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. வருந்தியோ வேண்டியோ எழுதுவதற்கு இது இடமன்று. 'எக்காரணம் கொண்டும் அறைக்குள் கரியடுப்பு கூடாது. குளிர் தாங்கவில்லையென்றால் எந்நேரமும் எங்களைக் கூப்பிடுங்கள், இன்னும் இரண்டு கம்பளி தருகிறோம்' என்று தனிக் கட்டமிட்டு, சிவப்பு மையில் எழுதினார் பெரியவர்.

அறையைக் காலி செய்யும் நேரத்தைப் பற்றியும் ஒரு சர்ச்சை எழுந்தது. பகல் பதினொரு மணி என்பது சில விருந்தினருக்குக் கடுமையாகத் தோன்றியிருக்கிறது. அம்மாள் என்னைக் கொல்லைக்கு அழைத்துப்போய்த் துணிக்கொடியைக் காட்டினார்கள். முந்தின நாள் துவைத்துப் போட்ட படுக்கை விரிப்பு. தொட்டால் சில்லென்று ஈரம் ஒட்டியது. மூடுபனிக் காலத்தில் ஒரு விரிப்பு முழுதும் உலர மூன்று நாள்கூட ஆகுமாம்; பகல் பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை அடிக்கிற வெயிலை விட்டுவிட்டால் மறுநாளைக்குத்தான். வெயில் இருக்கும்போதே விரிப்பை எடுத்து அலச வேண்டியிருப்பதால்தான் பதினொரு மணி. இதை அப்படியே எழுதிவிடச் சொன்னேன்.

அயல்நாட்டார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அரசாங்கத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டியிருப்பதால் பாஸ்போர்ட்டைக் காட்டும்படி கேட்பது, அடையாள அட்டையின் நகல் வாங்குவது, முன்னரே சொன்னதற்கு மேல் ஆட்கள் வந்தால் தெரிவிப்பது, மார்கழியை ஒட்டிப் படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை வரும் நாட்களில் வீடு உறவினருக்கே உரியது என்பது ஆகியவை நாலே வரிகளில் முடிந்தன.

இவ்வளவும் விருந்தினருக்கு. உங்களுக்கென்று எதை எழுதப் போகிறீர்கள் என்று நான் கேட்டதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்பொரு சமயம் வேறொரு மலையூரில், நான் வாடகைக்கு எடுத்த வீட்டின் கூடத்து மூலையில் ஒரு கேமரா கண் சிமிட்டிக்கொண்டிருந்ததையும், அதைத் துணியால் மூடிய மறு நிமிஷமே உரிமையாளர் தொலைபேசியில் கூப்பிட்டுக் காரணம் கேட்டதையும் சொன்னேன். உலகெங்கும் இத்தகைய வீடுகளை அமர்த்திக் கொடுக்கும் ஏர்பிஎன்பி நிறுவனம், வீட்டுக்கு உள்ளே கேமரா வைப்பதை 2024 ஏப்ரல் 30 முதல் அறவே விலக்கிவிட்டது. பெரியவர் எழுந்துபோய், மாடிப்படியின் முனையில் பிள்ளை வாங்கி மாட்டியிருந்த கேமராவைக் காட்டினார். அது அறையைப் பார்க்கவில்லை. ஆனால் படியேறி வருகிற ஒவ்வொருவரையும் பார்த்தது. அதைக் கழற்றி, கரடி வருவதைப் பார்ப்பதற்காக வெளிவாசலில் மாட்டிவிடுவதென்றும், அங்கே ஒன்று இருக்கிறது என்பதைத் தாளில் குறிப்பிடுவதென்றும் முடிவாயிற்று. சொல்லாமல் அறைக்குள் வரமாட்டோம். காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை வெந்நீர் கிடைக்கும். மின்சாரம் நின்றால் விளக்கு கொண்டுவந்து தருவோம். உடைந்தது எதற்கும் உங்களைக் கேட்காமல் பணம் பிடிக்கமாட்டோம் என்று அவர்கள் தங்களுக்கு விதித்துக்கொண்டவை தாளின் தலைப்பக்கத்தில் இடம்பெற்றன. முதலில் இவற்றைக் கடைசியில்தான் எழுதியிருந்தார். அம்மாள்தான் மேலே கொண்டுபோகச் சொன்னார்கள்.

அந்தத் தாளைக் கதவில் ஒட்டுவதில்லை என்று தீர்மானித்தோம். முன்பணம் கட்டி, மலையேறி, களைத்து வந்து நிற்கிறவரிடம் அப்போதுதான் நிபந்தனையை நீட்டுவது முறையன்று. அறை வேண்டுமென்று கேட்கும்போதே அனுப்பிவிட்டால், வாளிக் குளியல் பிடிக்காதவர் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். இரண்டொருவர் அவ்வாறு போனாலும் நஷ்டமில்லை என்றார் பெரியவர்.

நான் புறப்படும் நாள் காலையில், கோயம்புத்தூரிலிருந்து அறைக்குச் சொல்லியிருந்த ஒரு குடும்பத்துக்கு அந்தப் புதிய தாளின் படத்தைக் கைப்பேசியில் அனுப்பினார்கள். சற்று நேரத்தில் அந்த வீட்டுப் பெண்மணி அழைத்தார். எல்லாம் சம்மதம்தானாம், ஒன்றே ஒன்று கேட்க வேண்டுமாம். மாமியாருக்கு எண்பது வயது. ஐந்து மணிக்கே எழுந்து குளித்துவிட்டுப் பூஜை செய்கிறவர். வெந்நீர் ஆறு மணிக்கு என்று போட்டிருக்கிறதே, ஒரு வாளி மட்டும் முன்னதாகக் கிடைக்குமா?

"ஏனுங்க கிடைக்காது? நான் நாலரைக்கே எந்திரிச்சிருவேன். விறகடுப்புல வச்சுக் கொண்டுவந்து தர்றேன், அம்மாவைக் கவலைப்பட வேண்டாம்னு சொல்லுங்க" என்றார் அம்மாள்.

பேசி முடித்ததும் பெரியவர் பேனாவை எடுத்து, ஆறு மணி என்பதை ஐந்து என்று திருத்தட்டுமா என்று கேட்டார். வேண்டாம், எல்லாருக்கும் ஆறே இருக்கட்டும், வயசானவங்க கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் விறகு எடுத்துவைக்கக் கொல்லைப் பக்கம் போனார்கள்.